உட்கார்ந்தால் விளங்கும் விளையாட்டு

மிலான் நகரின் கடோர்னா ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும், பெரிய ஊசி ஒன்று தரையில் குத்திட்டு நிற்கிறது. அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். அதில் கோத்த நூல் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறங்களில் ஊசியைச் சுற்றி வந்து தரைக்குள் இறங்கிவிடுகிறது. சதுக்கத்தின் மறுபக்கம், நீர்த்தொட்டி ஒன்றின் நடுவே, அந்த நூலின் முடிச்சு வெளியே தலைநீட்டுகிறது. க்ளாஸ் ஓல்டன்பர்க், கூஷ்யே வான் ப்ரூகன் தம்பதி செய்த சிற்பம் இது. 2000-ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. மூன்று நிறங்களும் அன்று நகரில் ஓடிய மூன்று மெட்ரோ பாதைகளின் நிறங்கள். உடைத் தொழிலுக்குப் பேர்போன ஊர், தன் காலடியில் ஓடும் ரயிலை ஊசியும் நூலுமாகச் சொல்கிறது.

நான் வந்து இறங்கிய மெட்ரோவிலும் இதே குணத்தைப் பார்த்தேன். 1964-இல் திறக்கப்பட்ட முதல் பாதையின் நிலையங்களை ஃப்ராங்கோ அல்பீனியும் ஃப்ராங்கா ஹெல்கும் வடிவமைத்தார்கள். படியில் இறங்குகிறவர்கள் பிடித்துக்கொள்ள நீளமான சிவப்புக் குழாய். முடிகிற இடத்தில் அது வெட்டுப்பட்டு நிற்காமல் வளைந்து திரும்புகிறது. கூர்முனை எதுவும் கையைத் தொடுவதில்லை. பார்ப்பதற்கு யாரோ ஒரே இழுப்பில் வரைந்த கோடுபோல இருக்கிறது; பிடித்து இறங்கினால், கையை நினைத்து வரைந்த கோடு என்று தெரிகிறது.

நான் மிலானுக்குப் போனது பேராலயத்துக்காகவோ, லியோனார்டோவின் ‘கடைசி விருந்து’ ஓவியத்துக்காகவோ அல்ல. நாற்காலி, விளக்கு, கெண்டி, கரண்டி போன்ற அன்றாடச் சாமான்களுக்குள் விளையாட்டைக் கொண்டுவந்து, அந்த விளையாட்டைத் தொழிற்சாலைவரை கொண்டுபோனவர்களின் ஊர் இது. பொருளைப் பார்த்ததும் வருகிற சிரிப்பு எவ்வளவு நாள் தாங்கும் என்று எனக்கு நெடுநாளாகவே ஒரு கேள்வி. கடையில் சிரிக்கவைத்த எத்தனையோ சாமான்கள் வீட்டுக்கு வந்த மறுமாதம் பரணுக்குப் போய்விடுகின்றன. சில மட்டும் அறுபது ஆண்டுகள் ஆகியும் அலுக்காமல் இருக்கின்றன. இந்த வேறுபாடு எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும், முடிந்தால் அதில் உட்கார்ந்தும் பார்க்க வேண்டும் என்பதுதான் பயணத்தின் நோக்கம்.

கடோர்னாவிலிருந்து சிறிது தூரம் நடந்தால் ஸ்ஃபோர்ட்செஸ்கோ கோட்டை. அதன் எதிரே அரைவட்டமாக வளைந்த பியாட்சா காஸ்தெல்லோ. நான் போனபோது அங்கே 27-ஆம் எண் கட்டடத்தில்தான் வடிவமைப்பாளர் அக்கில்லே காஸ்திலியோனியின் பணியகம் இருந்தது. 1918-இல் இதே ஊரில் பிறந்து, 2002-இல் இதே ஊரில் மறைந்தவர். அப்பா ஜான்னீனோ சிற்பி. துவோமோ பேராலயத்தின் வெண்கலக் கதவுகளில் ஒன்று அவர் செய்தது. மகன்கள் லிவியோ, பியேர் ஜாக்கொமோ, அக்கில்லே மூவரும் கட்டடக் கலைஞர்களானார்கள். 1968-இல் பியேர் ஜாக்கொமோ இறக்கும்வரை அக்கில்லேயின் வேலைகளில் பெரும்பாலானவை அண்ணனும் தம்பியும் சேர்ந்து செய்தவை. அக்கில்லேயின் காலத்துக்குப் பிறகு குடும்பத்தார் பணியகத்தைக் கலைக்காமல், வரைபலகைகளும் காகிதச் சுருள்களும் மாதிரிகளும் இருந்தது இருந்தபடியே பார்வையாளருக்குத் திறந்துவிட்டார்கள்.

அருங்காட்சியகம் என்றால் ‘தொடாதீர்கள்’ என்ற பலகை இருக்கும் என்று பழகியவர்கள் நாம். இங்கே சுற்றிக்காட்டியவர் முதலில் சொன்ன வார்த்தையே ‘உட்காருங்கள்’ என்பதுதான். அவர் கைகாட்டிய இடத்தில் ஒரு டிராக்டர் இருக்கை இருந்தது.

‘மெட்சாட்ரோ’ என்று பெயர் அதற்கு. 1957-இல் கோமோவின் வில்லா ஒல்மோ மாளிகையில் நடந்த கண்காட்சியில் சகோதரர்கள் இருவரும் இதை வைத்தார்கள். உழவர் உட்காரும் டிராக்டர் இருக்கை, துளைகள் போட்ட இரும்புத் தகட்டில் அழுத்தி எடுத்தது. அதைத் தாங்குவது டிராக்டரில் இருப்பதுபோலவே வளைந்த ஒரு பட்டை எஃகு. இரண்டையும் இணைப்பது சைக்கிளில் சக்கரத்தை முடுக்கும் இறகுத் திருகாணி. ஆடாமல் நிற்பதற்குக் கீழே குறுக்காக ஒரு மரக்கட்டை. அவ்வளவுதான், வேறொன்றும் இல்லை. வரவேற்பறைக்கு வந்த டிராக்டரை அன்றைய பார்வையாளர்கள் குறும்பாகத்தான் பார்த்திருப்பார்கள். சனோட்டா நிறுவனம் இதைத் தயாரித்து விற்கத் துணிந்தது 1970-களின் தொடக்கத்தில்.

உட்கார்ந்தேன். எஃகுப் பட்டை என் எடைக்குச் சற்றே இறங்கி, பிறகு தாங்கிக்கொண்டது. தகடு உடம்பின் வளைவுக்கு ஏற்ப வளைந்திருக்கிறது. மெத்தை கிடையாது, ஆனால் இரும்பில் உட்கார்ந்திருக்கிறோம் என்ற உணர்வும் இல்லை. மேடு பள்ளமான வயலில் நாள் முழுவதும் உட்கார வேண்டிய ஒருவருக்காக, பெயர் தெரியாத பொறியாளர்கள் பல ஆண்டுகள் திருத்தித் திருத்திச் செய்த வடிவம் அது. காஸ்திலியோனி சகோதரர்கள் அதன் அருமையைக் கண்டுகொண்டார்கள். வயலிலிருந்து வீட்டுக்குள் கொண்டுவந்தார்கள். பார்க்கும்போது வந்த சிரிப்பு, உட்கார்ந்தபோது மரியாதையாக மாறியது.

அதே 1957-இல் வடிவமைத்த இன்னொரு இருக்கை ‘செல்லா’. பந்தயச் சைக்கிளின் கருப்புத் தோல் இருக்கை, இளஞ்சிவப்புக் கம்பம், அடியில் அரைக்கோளமாக வார்ப்பிரும்பு. இதில் முழுதாக உட்கார முடியாது. கால்கள் இரண்டும் தரையில் ஊன்றியபடி, அரை எடையை இருக்கைக்குக் கொடுத்து, முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருக்கலாம். யாருக்கு இப்படி ஓர் ஆசனம் தேவை? தொலைபேசியில் பேசுகிறவருக்கு. வீட்டுத் தொலைபேசி வயரோடு சுவரை ஒட்டி இருந்த காலம் அது. பேச்சு நீண்டால் நிற்கவும் முடியாது, நாற்காலி போட்டு அமரவும் மனம் வராது. ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறிக்கொண்டே இருப்போம். அந்த அமைதியின்மையைக் கவனித்த ஒருவர் அதற்கென்றே ஓர் இருக்கை செய்திருக்கிறார். நானும் அதில் ஆடிக்கொண்டே, இல்லாத தொலைபேசியை ஏந்தக் கையைக் காதருகே கொண்டுபோனேன். உடம்பு தானாகவே அப்படிச் செய்தது.

பணியகத்தில் நான் அதிக நேரம் நின்ற இடம் கண்ணாடி அலமாரிகளின் முன்தான். காஸ்திலியோனி வாழ்நாள் முழுக்கச் சேர்த்த சாமான்கள் அங்கே அடுக்கியிருக்கின்றன: கத்தரிக்கோல், மூக்குக்கண்ணாடி, சுத்தியல், கண்ணாடிக் குவளை, தகர பொம்மை, தூரிகை. பெரும்பாலானவற்றுக்கு வடிவமைத்தவர் பெயர் கிடையாது. டூரின், மிலான் பல்தொழில்நுட்பக் கழகங்களில் பாடம் நடத்தப் போகும்போது இவற்றில் சிலவற்றைப் பையில் போட்டுக்கொண்டு போவாராம். ஒவ்வொன்றாக மேசையில் எடுத்து வைத்து, எப்படிப் பிடிப்பது, எங்கே மடங்கும், ஏன் இந்த இடத்தில் தடிப்பு என்று நடித்தே காட்டுவார். ஆர்வம் இல்லாதவர்கள் இந்தத் தொழிலை விட்டுவிடலாம் என்பது மாணவர்களுக்கு அவர் திரும்பத் திரும்பச் சொன்ன பாடம்.

அவர் விரும்பிக் காட்டிய சாமான்களில் ஒன்று, மாட்டுக்காரர்களின் ஒற்றைக்கால் முக்காலி. பால் கறப்பவர் அதை வாரால் இடுப்பில் கட்டிக்கொள்வார். ஒரு மாட்டிலிருந்து அடுத்த மாட்டுக்குப் போகும்போது இருக்கையும் கூடவே வரும். இரண்டு கைகளும் பால்சட்டிக்கு மிச்சம். மீதி இரண்டு கால்கள் உட்கார்ந்தவருடைய சொந்தக் கால்கள். இதைக் கேட்டபோது எனக்கு நம் அடுக்களையின் அரிவாள்மணை நினைவுக்கு வந்தது. பலகையை ஒரு காலால் அழுத்தி உட்கார்ந்தால் உடம்பின் எடையே கருவியை அசையாமல் பிடித்துக்கொள்ளும். நறுக்க இரண்டு கைகளும் தாராளமாகக் கிடைக்கும். அதை முதலில் செய்தவர் பெயரும் யாருக்கும் தெரியாது. அந்த அலமாரியில் அதற்கும் ஓர் இடம் உண்டு என்று உறுதியாகச் சொல்வேன்.

இந்த அலமாரிகளைப் பார்த்த கண்ணோடு அவருடைய விளக்குகளைப் பார்த்தால் எல்லாம் துலங்குகிறது. 1962-இல் ஃப்ளோஸ் நிறுவனத்துக்காகச் சகோதரர்கள் செய்த ‘தொய்யோ’ விளக்கின் தலையில் இருப்பது ஒரு கார் முகப்பு விளக்கு. அதன் வயர் தண்டில் ஏறுவது தூண்டில் கழியில் இருக்கும் வளையங்கள் வழியாக. முகப்பு விளக்குக்கு மின்மாற்றி தேவை. அதை ஒளித்து வைக்காமல் அடியில் வைத்தார்கள். அதன் கனம்தான் விளக்கைச் சாயாமல் நிறுத்துகிறது. ஒவ்வொரு பாகத்துக்கும் வேலை இருக்கிறது. ஆனால் மொத்தமாகப் பார்த்தால் மோட்டார் பட்டறையும் மீன்பிடித் துறையும் சேர்ந்து பெற்ற குழந்தை.

அதே ஆண்டின் ‘ஆர்க்கோ’ உலகம் முழுக்கப் பத்திரிகைப் படங்களிலும் திரைப்படங்களிலும் வந்த விளக்கு. சாப்பாட்டு மேசையின் நடுவில் வெளிச்சம் விழ வேண்டும்; அதற்காகக் கூரையில் துளை போடக் கூடாது. இதுதான் அவர்கள் எடுத்துக்கொண்ட கணக்கு. விடையைத் தெருவில் கண்டார்கள்: தெருவிளக்கின் கம்பம் ஓரத்தில் நிற்கிறது, வெளிச்சம் சாலை நடுவில் விழுகிறது. சுமார் 2 மீட்டர் தூரம் வளைந்து வரும் எஃகுத் தண்டு. அதைச் சமன் செய்ய அடியில் சுமார் 65 கிலோ எடையுள்ள கர்ராரா பளிங்குக் கல். மேசையில் உட்கார்ந்திருப்பவருக்கும் கல்லுக்கும் இடையே ஒருவர் தட்டேந்திப் பரிமாறிக்கொண்டு போக இடம் இருக்கிறது. கல்லின் முனைகளை மழுக்கியிருக்கிறார்கள், போகிற வருகிற கால்களில் இடித்துக் காயம் படாதிருக்க. கல்லின் நடுவே ஒரு துளை. பார்த்தவுடன் சிற்பியின் கைவரிசை என்று தோன்றும். துடைப்பக் கழியை அதில் நுழைத்து ஆளுக்கொரு பக்கம் பிடித்தால் இரண்டு பேர் கல்லைத் தூக்கி நகர்த்திவிடலாம். அதற்காகத்தான் அந்தத் துளை. விலையுயர்ந்த பளிங்கின் நெஞ்சில் துடைப்பத்துக்கு ஓர் இடம் வைத்த அந்த மனசு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

அவருடைய பெருந்தன்மைக்குச் சாட்சியாக ‘பரேன்டெசி’ விளக்கு. பியோ மான்சூ என்ற இளம் வடிவமைப்பாளர் 1969-இல் விபத்தில் இறந்துபோனார். செங்குத்துக் கம்பியில் மேலும் கீழும் நகரும் விளக்கு ஒன்றுக்கான யோசனையை அவர் விட்டுச் சென்றிருந்தார். காஸ்திலியோனி அதை எடுத்து, கம்பிக்குப் பதில் கூரையிலிருந்து தரைவரை இழுத்துக் கட்டிய எஃகு வடமும், அதில் வளைந்து தொற்றிக்கொள்ளும் குழாயுமாக மாற்றினார். திருகாணி எதுவும் இல்லை. குழாயின் வளைவு வடத்தில் உரசுவதே பிடிப்பு. கையால் தள்ளினால் ஏறும். விட்ட இடத்தில் நிற்கும். 1971-இல் வெளிவந்தபோதும், 1979-இல் இத்தாலியின் உயர்ந்த வடிவமைப்பு விருதான காம்பாஸ்ஸோ தோரோவைப் பெற்றபோதும் மான்சூவின் பெயர் கூடவே இருந்தது, இன்றும் இருக்கிறது.

இவ்வளவு புகழ்பெற்ற பொருள்களுக்கு நடுவே சுற்றிக்காட்டியவர் மிகுந்த வாஞ்சையோடு கையில் எடுத்தது ஒரு வயர் சுவிட்ச். மேசை விளக்கின் வயர் நடுவே ‘டிக்’ என்று தள்ளுவோமே, அதுதான். 1968-இல் சகோதரர்கள் வடிவமைத்தது. இருட்டில் தடவினாலே எந்தப் பக்கம் மேல் என்று விரலுக்குத் தெரியும், ஓசையும் கேட்கும். லட்சக்கணக்கில் விற்றது. மின்சாமான் கடையில் அதை வாங்கியவர்களில் யாருக்கும் காஸ்திலியோனி என்ற பெயர் தெரிந்திருக்காது. அவருக்கோ அதில்தான் பெருமை. பக்கத்திலேயே, க்ராஃப்ட் நிறுவனத்துக்காக 1962-இல் செய்த பிளாஸ்டிக் கரண்டி: மயோனைஸ் குப்பியின் அடியிலும் விளிம்பிலும் ஒட்டியிருப்பதைச் சுரண்டியெடுக்க ஏற்ற வளைவு அதற்கு. பெயர் தெரியாமல் செய்யப்பட்டவற்றைச் சேர்த்தவர், தானும் அந்தப் பெயர் தெரியாதவர்களின் வரிசையில் போய் நின்றுகொண்டார்.

பணியகத்தை விட்டு வெளியே வந்து, கோட்டையைத் தாண்டி, செம்பியோனே பூங்காவின் மரங்களுக்கிடையே நடந்தால் ட்ரியெனாலே. 1933-இல் ஜொவான்னி மூட்சியோ கட்டிய கலைமாளிகை. இத்தாலிய வடிவமைப்புக்கான அருங்காட்சியகம் இதற்குள் இருக்கிறது. அந்த நடையில் என் மனதில் இருந்தவர் மிலானின் இன்னொரு மகன், புரூனோ முனாரி. 1945-இல் அவர் ஒரு நாற்காலி செய்தார்: ‘மிகக் குறுகிய நேர விருந்தினருக்கான நாற்காலி’. இருக்கைப் பலகை 45 பாகை முன்னோக்கிச் சரிந்திருக்கும். உட்கார்ந்த மறுகணம் வழுக்கி இறங்க வேண்டியதுதான். 1991-இல் சனோட்டா அதை ஒன்பதே பிரதிகள் செய்தது. நாற்காலியைச் செய்ததற்கு முந்தைய ஆண்டு ‘தோமுஸ்’ இதழில் அவர் ஒரு புகைப்படத் தொடர் வெளியிட்டார். களைத்து வீடு திரும்பிய ஒருவர் சொகுசில்லாத சாய்வு நாற்காலியில் சொகுசைத் தேடுகிறார். தலைகீழாக, குறுக்காக, காலை மேலே போட்டு என எல்லா விதமாகவும் முயல்கிறார். உட்காருதல் என்ற மிகச் சாதாரணமான செயலை யாரும் உற்றுப் பார்க்கவில்லை என்பதே முனாரியின் வாதம்.

காஸ்திலியோனியின் நாற்காலிகள் உடம்புக்குப் பதில் சொல்கின்றன என்றால், முனாரியின் நாற்காலி மனசைக் கேள்வி கேட்கிறது: விருந்தினர் வந்தால் உண்மையிலேயே அவர் இருக்க வேண்டும் என்று நினைக்கிறோமா? ஆனால் அதே முனாரி 1964-இல் டனேசே நிறுவனத்துக்குச் செய்த ‘ஃபாக்லாண்ட்’ விளக்கைப் பாருங்கள். காலுறைத் தொழிற்சாலையில் நெய்த நீண்ட துணிக்குழாய். உள்ளே வெவ்வேறு அளவில் உலோக வளையங்கள். பெட்டிக்குள் சப்பையாக மடங்கிக் கிடக்கும். மேலே கட்டித் தொங்கவிட்டதும் புவியீர்ப்பே அதை இழுத்து வடிவம் கொடுத்துவிடும். கேலியும் கனிவும் ஒரே கையிலிருந்து வந்திருக்கின்றன.

ட்ரியெனாலேயில் என்னை நிறுத்தியது ‘சாக்கோ’. டூரின் நகரின் வடிவமைப்பாளர்கள் கத்தி, பவோலினி, தியோடோரோ மூவரும் 1968-இல் செய்த, பாலிஸ்டைரீன் மணிகள் நிரப்பிய சாக்கு. இன்று உலகெங்கும் கல்லூரி விடுதிகளில் கிடக்கும் பீன் பேக் வகை இருக்கைகளின் மூதாதை. கால் இல்லை, முதுகு இல்லை, கைப்பிடி இல்லை, உட்கார்பவர்தான் வடிவம். இத்தாலியத் தொலைக்காட்சியில் பாவ்லோ வில்லாஜ்ஜோ என்ற நகைச்சுவை நடிகர் ஃப்ராக்கியா என்ற பயந்த குமாஸ்தாவாக வந்து, மேலதிகாரியின் முன் இந்தச் சாக்கில் கௌரவமாக உட்காரப் பெரும்பாடு படுவார். அந்த நகைச்சுவை இத்தாலியர்களுக்கு இன்றும் நினைவிருக்கிறது. காரணம், அது உண்மையைத் தொட்டது. நிமிர்ந்த முதுகுள்ள நாற்காலி பதவியைக் காப்பாற்றும். சாக்கோவில் அமர்ந்தால் முதலாளியும் குமாஸ்தாவும் ஒரே உயரத்துக்கு இறங்கிவிடுவார்கள். 1968-இன் மாணவர் கிளர்ச்சிகளின் காலத்தில் அது பிறந்தது பொருத்தம்தான்.

மிலானின் விளையாட்டு இன்னொரு திசையிலும் போனது. 1981 செப்டம்பரில் இதே நகரில் எத்தோரே சோட்சாஸ் தலைமையில் ‘மெம்ஃபிஸ்’ குழு தன் முதல் கண்காட்சியை வைத்தது. மலிவான சிற்றுண்டிக் கடை மேசைகளில் ஒட்டும் பிளாஸ்டிக் லேமினேட்டை எடுத்து, விலையுயர்ந்த வரவேற்பறைக்கான அலமாரிகளில் ஒட்டினார்கள். சோட்சாஸின் ‘கார்ல்டன்’ புத்தக அலமாரியில் பாதித் தட்டுகள் சரிந்து நிற்கின்றன. புத்தகம் சாய்ந்துதான் நிற்கும். நல்ல ரசனை என்பது யாருடைய ரசனை என்று அது கேட்கிறது. கேள்வி நியாயமானது, அந்த நிறங்களின் துணிச்சல் இன்றும் கண்ணைப் பறிக்கிறது. ஆனால் அதனோடு வாழ முடியுமா என்று என்னைக் கேட்டால், தயங்குவேன். அதன் விளையாட்டு கண்ணோடு நின்றுவிடுகிறது, கைவரை வருவதில்லை.

இந்த எண்ணம் அலெஸ்ஸி நிறுவனத்தின் பொருள்கள் அடுக்கிய கடை ஒன்றில் இன்னும் தெளிந்தது. ஒரு தட்டில் பிலிப் ஸ்டார்க் 1990-இல் வடிவமைத்த எலுமிச்சை பிழியும் கருவி: மூன்று நீண்ட கால்களில் நிற்கும் வேற்றுக்கிரகப் பூச்சி. உலகின் புகழ்பெற்ற சமையலறைச் சாமான்களில் ஒன்று. சாறோடு விதையும் விழும், வடிகட்ட ஏதும் இல்லை. தங்க முலாம் பூசிய பதிப்பும் வந்தது; எலுமிச்சையின் அமிலம் பட்டால் அந்த முலாம் கெட்டுவிடும். இன்னொரு தட்டில் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் மைக்கேல் கிரேவ்ஸ் 1985-இல் செய்த தண்ணீர்க் கெண்டி. மூக்கு நுனியில் ஒரு சிறு சிவப்புப் பறவை. தண்ணீர் கொதித்ததும் அது விசிலடிக்கும். முதல் பொருளின் விளையாட்டு, பழத்தைப் பிழியத் தொடங்கும்போது முடிகிறது. இரண்டாவதன் விளையாட்டு, தண்ணீர் கொதிக்கும்போது தொடங்குகிறது. அடுப்பில் கெண்டியை வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போனவரைக் கூப்பிடுவதுதான் அந்தப் பறவையின் வேலை. தினமும் காலையில் நடந்தாலும் அது அலுக்காது, ஏனென்றால் தினமும் அது நமக்கு உதவுகிறது.

கடைசியாக 2021-இல் திறந்த ‘ஆடி’ (ADI) வடிவமைப்பு அருங்காட்சியகத்துக்குப் போனேன். காம்பாஸ்ஸோ தோரோ பெற்ற பொருள்களை ஆண்டு வாரியாக வைத்திருக்கிறார்கள். 1954-இல் அந்த விருதை முதன்முதலில் வழங்கியபோது வாங்கியவற்றில் ஒன்று குழந்தைகளின் பொம்மை: முனாரியின் ‘ஜிஜி’ என்ற குரங்கு. நுரை ரப்பர் உடம்பு, உள்ளே கம்பி. எப்படி வளைத்தாலும் வளைந்து அப்படியே நிற்கும். குழந்தைக்கு நூறு குரங்கு வாங்க வேண்டாம், ஒன்றே நூறாகும். போரில் சிதைந்து பத்தாண்டுகூட ஆகாத நாடு, தொழில்துறையின் மிகச் சிறந்த படைப்புகளைப் பொறுக்கியபோது குரங்கு பொம்மையையும் அதே வரிசையில் வைத்தது. விளையாட்டை அவர்கள் வேலையாகவே எடுத்துக்கொண்டதால்தான் பின்னாளில் டிராக்டர் இருக்கை வரவேற்பறைக்கு வர முடிந்தது.

என் கேள்விக்கு விடை இப்போது என்னிடம் இருக்கிறது. சிரிப்பு பொருளின் மேற்பூச்சாக இருந்தால் பழகியதும் உரிந்துவிடும். பயன்படுத்துகிறவரை உற்றுக் கவனித்ததில் பிறந்த சிரிப்பு, பயன்படுத்தும் ஒவ்வொரு முறையும் புதிதாகப் பிறக்கும். தொலைபேசியில் பேசும்போது கால் மாற்றி நிற்பதை யாரோ கவனித்தார்கள். துடைப்பக் கழியால் கல்லைத் தூக்க நினைப்பவரை யாரோ நினைத்துப் பார்த்தார்கள். நம்மை அப்படிப் பார்த்தவர் ஒருவர் இருக்கிறார் என்ற மகிழ்ச்சிதான் அந்தச் சாமான்களைத் தொடும்போது நமக்குச் சிரிப்பாக வருகிறது. இப்படிக் கவனிக்கப் பளிங்கும் எஃகும் தேவையில்லை. எந்த ஊரிலும், எந்த அடுக்களையிலும், யாரும் தொடங்கலாம்.

மிலான் போக நினைப்பவர்களுக்கு: ஏப்ரலில் மரச்சாமான் கண்காட்சி வாரத்தில் நகரம் களைகட்டும், ஆனால் தங்குமிட வாடகை எகிறிவிடும், நிதானமாகப் பார்க்க மற்ற மாதங்களே நல்லது. பணியகத்தைப் பராமரிக்கும் காஸ்திலியோனி அறக்கட்டளையிடம் முகவரியையும் நேரத்தையும் கேட்டு முன்பதிவு செய்துகொள்ளுங்கள். உட்கார அனுமதித்த எதிலும் உட்காராமல் திரும்பாதீர்கள்.